கை வைக்கும் முன் ஒரு கேள்வி

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார், எந்த ஆண்டில் பட்டம் பெற்றார் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பவர்கள் நாம். வீடு கட்ட வரும் மேசன் முன்பு கட்டிய வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டே முற்பணம் கொடுக்கிறோம். ஆனால் முறிந்த கையையோ அடிபட்ட கழுத்தையோ ஒருவரிடம் ஒப்படைக்கும்போது மட்டும், "நீங்கள் எங்கே படித்தீர்கள்? யாரிடம் பழகினீர்கள்? இப்படியான காயங்களை எவ்வளவு காலமாகப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்க நமக்கு நா எழுவதில்லை. கேட்பது அவமரியாதை என்று எண்ணுகிறோம். கைராசிக்காரர் என்று யாரோ சொல்லிவிட்டால் அதுவே நமக்குப் போதுமான பட்டம்.

இதை எழுதத் தூண்டியவை, சல்லியைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த இரு விபத்துகள். குடும்பத்தின் ஒரு பகுதி இன்னும் சல்லியில் கடற்றொழில் செய்கிறது. மறுபகுதி கனடாவில் ஸ்காபரோவில் வாழ்கிறது. ஸ்காபரோவில் இருக்கும் தாயாருக்கு வயது 71. மகனின் காரில் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றபோது மற்றொரு வாகனம் பின்னால் வந்து மோதியது. கழுத்து நோவு, இடது கை விரல்களில் ஒரு விறைப்பு. இரண்டாம் நாளே விபத்து வழக்குகளைக் கவனிக்கும் அலுவலகமொன்றிலிருந்து தொலைபேசி வந்தது. அவர்கள் ஒரு கைரோபிராக்டரிடம் போகச் சொன்னார்கள். அவருடைய விளம்பர அட்டையில் "விபத்துக் காயங்களில் விசேட பயிற்சி பெற்றவர்" என்று தமிழிலேயே அச்சிட்டிருந்ததாம். மகன் என்னை அழைத்து, "அண்ணை, இவர் டொக்டரா, டொக்டர் இல்லையா? அந்த விசேட பயிற்சி என்டால் என்ன?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அதற்கு விடை தேடப் போய், சல்லியில் நடந்த மற்றொரு விபத்துக்கும் அதே கேள்விதான் பொருந்துகிறது என்று உணர்ந்தேன். ஊரில் நடந்ததை முதலில் சொல்கிறேன்.

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போனால் சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாக இருக்கும் சிற்றூர் சல்லி. முத்துமாரியம்மன் கோயிலால் வெளியூரிலும் அறியப்பட்ட ஊர். போரையும் 2004ஆம் ஆண்டு மார்கழிக் கடற்கோளையும் கண்டு மீண்டும் வள்ளத்தைத் தள்ளிய மக்கள். இப்படியான ஊர்களில் எலும்பு முறிவது அபூர்வமன்று. வள்ளத்தைக் கரைக்கு இழுக்கையில் இடறுவார்கள். பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுவார்கள். இப்போது எல்லாவற்றையும் விட மோட்டார் சைக்கிள்தான் அதிகம் முறிக்கிறது. முறிந்தால் கால்கள் முதலில் போவது முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியிடம்தான். பெரியாஸ்பத்திரி சில மைல் தூரத்தில் இருக்கிறது, வைத்தியமும் இலவசம். ஆனாலும், "அங்கே போனால் கத்தி வைத்துவிடுவார்கள், கம்பி வைத்துவிடுவார்கள்" என்ற அச்சம் காசைவிடப் பெரியது.

அந்தக் குடும்பத்தின் பதினான்கு வயதுப் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கைக்கு அருகில் முறித்துக்கொண்டான். பக்கத்து ஊர்ப் பரியாரி ஒருவர் எண்ணெய் பூசி, பச்சிலை அரைத்துப் பற்றுப் போட்டு, மூங்கிற் பட்டைகளை வைத்து இறுகக் கட்டினார். இரவு முழுவதும் பையன் அழுதிருக்கிறான். "மருந்து இழுக்கிறது, அதுதான் நோகிறது" என்று வீட்டில் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். விடியும்போது விரல்கள் வெளிறிக் குளிர்ந்திருந்தன. கிள்ளினால் உணர்ச்சி இல்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே கட்டை வெட்டினார்கள், பிறகு சதையையும் கீறினார்கள். கை தப்பியது. இரண்டு விரல்கள் இன்றும் முழுதாக நிமிர்வதில்லை.

மருந்து இழுக்கவில்லை. இரத்தம் போகாத தசை செத்துக்கொண்டிருந்தது. முறிந்த இடம் வீங்குவது இயல்பு. வீங்குவதற்கு இடம் விடாமல் இறுக்கிக் கட்டினால், உள்ளே அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நிற்கிறது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் தசை மீளாது. தசைநார் சுருங்கிக் கை கொக்கி போலாகிவிடும். ஜெர்மனியரான ரிச்சர்ட் ஃபோன் வோல்க்மன் என்ற அறுவை மருத்துவர் இந்தக் கோளாற்றை 1881ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் எழுதியது நாட்டு வைத்தியர்களைப் பற்றியன்று. தம்மைப் போன்ற மருத்துவர்கள் போட்ட இறுக்கமான கட்டுகளைப் பற்றித்தான். இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். ஏனெனில் இந்தப் பேச்சு எழுந்தவுடனே "பரியாரிகள் எல்லாரும் போலிகள்" என்று ஒரு கூட்டமும், "எங்கள் பாரம்பரியத்தை அவமதிக்காதே" என்று மறுகூட்டமும் கிளம்பிவிடும். பிளாஸ்டர் போடும் ஆஸ்பத்திரியிலும் இதே ஆபத்து உண்டு. பிளாஸ்டர் போட்டவுடன் நோயாளியின் விரல்களை அசைக்கச் சொல்லி, நிறம் பார்த்து, தொட்டுப் பார்ப்பது அங்கே பயிற்சியின் முதற்பாடமாக இருக்கிறது. பையனின் கையைக் கட்டியவருக்கு அந்தப் பாடத்தை எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருக்குக் கைத்திறன் இல்லாமலில்லை.

பரம்பரை முறிவு வைத்தியரின் கைத்திறனை நான் குறைவாக மதிப்பவன் அல்லன். தோலின்மேல் விரலை ஓட்டியே முறிவு எங்கே, எப்பக்கம் விலகியிருக்கிறது என்று சொல்லக்கூடியவர்களைக் கண்டிருக்கிறேன். பத்து வயதில் தகப்பனின் பக்கத்தில் அமர்ந்து எண்ணெய் கிண்ணம் பிடிக்கத் தொடங்கி, முப்பது வயதில் தனியே கட்டுப் போடும் ஒருவருக்கு இருப்பது இருபதாண்டுப் பயிற்சி. எந்தப் பல்கலைக்கழகமும் இவ்வளவு நீண்ட பயிற்சி தருவதில்லை. தோல் கிழியாத, அதிகம் விலகாத முறிவுகள் அவரிடம் பெரும்பாலும் நன்றாகவே பொருந்திவிடும். எலும்புக்குத் தானே ஒட்டும் குணம் உண்டு. அதை ஒழுங்காக வைத்துக் காத்திருக்கத் தெரிந்தால் போதும். ஆந்திராவின் புத்தூரில் ராஜு குடும்பத்தார் போட்ட கட்டு தமிழ்நாடு முழுவதும் "புத்தூர் கட்டு" என்று பெயர் பெற்றதற்கு வேறு காரணம் இல்லை. ஆனால் இன்று தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் அந்தப் பெயர்ப்பலகை தொங்குகிறது. பலகை தொங்கவிட்ட எல்லாரும் புத்தூரில் பழகியவர்கள்தானா என்று யார் கேட்கிறார்கள்?

பரம்பரைப் பயிற்சியில் ஒரு பெருங்குறை உண்டு. வெற்றிகள் திரும்பி வந்து நன்றி சொல்லும். தோல்விகள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். கை கறுத்த பையனைப் பரியாரி மீண்டும் காண்பதில்லை. ஆகவே தம் கட்டு எங்கே பிழைத்தது என்று அவர் அறிவதுமில்லை. இருபதாண்டு அனுபவம் என்பது அப்போது ஒரே ஆண்டை இருபது தடவை வாழ்ந்ததாகிவிடுகிறது.

இந்தக் குறையை உணர்ந்த ஒரு முறிவு வைத்தியரை வரலாறு நமக்குக் காட்டுகிறது. வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் ஒரு குடும்பம். கப்பல் உடைந்து கரையொதுங்கிய ஒரு சிறுவனே அந்தக் குடும்பத்தின் மூதாதை என்பது மரபுக்கதை. மொழி தெரியாத அந்தச் சிறுவனுக்கு எலும்பு பொருத்தும் கலை மட்டும் கைவந்திருந்ததாம். (கரையோர மக்களுக்கு இத்தகைய கதைகள் எங்கும் பொதுவானவை போலும்.) அந்த வழியில் வந்த எவன் தோமஸ் 19ஆம் நூற்றாண்டில் லிவர்பூலுக்குக் குடியேறிப் பெயரெடுத்தார். பட்டம் பெற்ற மருத்துவர்கள் அவர்மீது பொறாமைப்பட்டார்கள். வழக்குகளையும் அவர் எதிர்கொண்டார். அவர் செய்த காரியம்தான் வியப்புக்குரியது: தம் ஐந்து மகன்களையும் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். மூத்தவரான ஹியூ ஓவன் தோமஸ், எடின்பரோவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்து, குடும்பத்தில் கற்ற கைத்திறனையும் கல்லூரியில் கற்ற உடற்கூற்றையும் ஒன்றாக்கினார். அவர் வடிவமைத்த கால் தாங்கிதான் "தோமஸ் ஸ்பிளின்ட்". அவர் 1891இல் இறந்தபோது அதைப் பெரும்பாலான மருத்துவர்கள் பொருட்படுத்தவில்லை. அவரிடம் பயின்ற மருமகன் ரொபர்ட் ஜோன்ஸ் முதலாம் உலகப் போரில் அதைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோனார். தொடையெலும்பு குண்டடிபட்டு முறிந்த வீரர்களில் ஐந்தில் நால்வர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, ஐந்தில் ஒருவரே இறக்கும் நிலை வந்தது என்று மருத்துவ வரலாறுகள் சொல்கின்றன. ஒரு நாட்டு முறிவு வைத்தியரின் வீட்டிலிருந்து வந்த கருவி அது.

இனி ஸ்காபரோ மகனின் கேள்விக்கு வருகிறேன்.

கைரோபிராக்டிக் என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் கையால் செய்வது என்பதே பொருள். அதைத் தொடங்கிய டி.டி. பாமர் 1845இல் பிறந்த இடம் ஒன்ராறியோவின் பிக்கறிங். ஸ்காபரோவிலிருந்து கிழக்கே போய் இன்று எம்மவர்கள் வீடு வாங்கும் அதே பிக்கறிங்தான்! பின்னர் அமெரிக்காவுக்குப் போய், காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்த அவர், 1895இல் அயோவா மாநிலத்தின் டவன்போர்ட் நகரில் ஒருவரின் முதுகெலும்பை அழுத்திச் செவிட்டைப் போக்கியதாகச் சொல்லித் தம் முறையை அறிவித்தார். நோய்களில் பெரும்பாலானவை முதுகெலும்பு பிசகுவதால் வருகின்றன என்பது அவர் கொள்கை. அதை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. உரிமம் இன்றி வைத்தியம் செய்ததற்காக 1906இல் அவர் சிறைக்கும் போனார். நம் பரியாரிகளைப் பழிப்பவர்கள் இந்தப் பூர்வீகத்தையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் அந்தத் தொழில் அங்கேயே நின்றுவிடவில்லை. பள்ளிக்கூடம் வைத்தார்கள், பாடத்திட்டம் வகுத்தார்கள், சட்டத்துக்குள் வந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டி, முழுநேரக் கைரோபிராக்டிக் படிப்புக்குக் குறைந்தது 4,200 மணி நேரக் கல்வியும், அதற்குள் 1,000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. ரொறொன்ரோவில் 1945இல் தொடங்கிய கல்லூரியில், பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் படித்தபின் சேர்ந்து மேலும் நான்காண்டு படிக்க வேண்டும். உடற்கூறு, நரம்பியல், எக்ஸ்ரே படத்தைப் படித்தறிதல் எல்லாம் அதில் உண்டு. ஒன்ராறியோவில் 1991ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை ஒழுங்குபடுத்துகிறது. "டொக்டர்" என்று போட்டுக்கொள்ளவும் அனுமதிக்கிறது. ஆகவே மகனுக்கு என் பதில்: அவர் டொக்டர் என்று தம்மை அழைக்கலாம், ஆனால் மருந்து எழுதவோ அறுவை செய்யவோ உரிமை பெற்ற டொக்டர் அல்லர். பெயரை அந்த மாகாணத்தின் பதிவேட்டில் எவரும் இணையத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். பதிவேட்டை வைத்திருக்கும் அமைப்புக்கும் "கொலேஜ்" என்றுதான் பெயர். அது பள்ளிக்கூடம் அன்று, கட்டுப்படுத்தும் சபை. எம்மவர் பலர் இதில் குழம்புகிறார்கள்.

"விபத்துக் காயங்களில் விசேட பயிற்சி" என்பதுதான் வில்லங்கமான தொடர். நான்காண்டுப் படிப்புக்கு மேல் ஆண்டுக்கணக்கில் எலும்பியல் பயின்றவரும் அப்படிச் சொல்லலாம். வார இறுதி வகுப்பொன்றில் அமர்ந்து சான்றிதழ் வாங்கியவரும் சொல்லலாம். பெயருக்குப் பின்னால் தொங்கும் ஆங்கில எழுத்துக்களின் நீளத்தைக் கொண்டு இதை அளக்க முடியாது. எங்கே, எவ்வளவு காலம், யார் மேற்பார்வையில் என்று வாய் திறந்து கேட்கத்தான் வேண்டும். அதோடு இன்னொன்றும் உண்டு. சிறு காயங்களுக்கான வாகனக் காப்புறுதிச் சிகிச்சைச் செலவுக்கு 2010இல் ஒன்ராறியோ 3,500 டொலர் என்று வரம்பு கட்டியது. அந்த வரம்பு முடியும்வரை ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படுகிறதா, அல்லது வரம்பு இருப்பதால் சிகிச்சை நீள்கிறதா என்ற ஐயம் விபத்து வழக்குகளைத் தேடித் திரியும் அலுவலகங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு எழுகிறது. நோயாளியைத் தெரிவு செய்து அனுப்புபவர் குடும்ப வைத்தியராக இருந்தால் ஒரு விதம். வழக்கு பார்க்கும் அலுவலகமாக இருந்தால் வேறு விதம்.

இங்கே ஒரு பத்திரிகையாளன் என்ற முறையில் சைமன் சிங்கை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பஞ்சாபி வம்சாவளியைச் சேர்ந்த பிரித்தானிய எழுத்தாளர். குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கும் வயிற்றுவலிக்கும் கைரோபிராக்டிக் உதவும் என்ற உரிமைகோரலுக்குச் சான்று இல்லை என்று 2008இல் கார்டியனில் எழுதினார். பிரித்தானியக் கைரோபிராக்டர் சங்கம் அவதூறு வழக்குத் தொடுத்தது. இரண்டாண்டு இழுபறிக்குப் பின், மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளிக்கவே, 2010 ஏப்ரலில் சங்கம் வழக்கைக் கைவிட்டது. சான்று எங்கே என்று கேட்டதற்கு ஒருவர் இரண்டாண்டு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. நாம் படியேறத் தேவையில்லை; சிகிச்சை மேசையில் படுக்கும் முன் கேட்டால் போதும்.

சாதாரண இடுப்பு நோவுக்கு இந்தச் சிகிச்சை ஓரளவு பயன் தருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அடிபட்ட கழுத்து வேறு விவகாரம். கழுத்தெலும்புகளின் ஊடாக மூளைக்கு ஏறும் இரத்தக்குழாய்கள் இருக்கின்றன. அபூர்வமாகவேனும், கழுத்தைச் சடுதியாகத் திருப்பிய பின் அக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. எலும்பு முறிந்தோ விலகியோ இருந்தால் அந்த இடத்தைத் திருப்பவே கூடாது என்று மேலே சொன்ன உலக சுகாதார நிறுவன வழிகாட்டியே விலக்குகிறது. முறிந்திருக்கிறதா என்று எப்படி அறிவது? கனடாவிலேயே, ஒட்டாவாவைச் சேர்ந்த மருத்துவர் இயன் ஸ்ரீலும் அவருடைய குழுவினரும் 2001இல் ஒரு விதியை வெளியிட்டார்கள். அடிபட்டவருக்கு 65 வயது அல்லது அதற்கு மேல் என்றாலோ, விபத்து ஆபத்தான வகை என்றாலோ, கைகால்களில் விறைப்பு இருந்தாலோ கழுத்தைப் படம் எடுத்தே ஆக வேண்டும். மூன்றில் ஒன்று போதும். அந்தத் தாயாருக்கு வயதும் இருந்தது, விறைப்பும் இருந்தது.

"அம்மாவை முதலில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்ப் படம் எடுங்கோ. பிறகு அந்தக் கைரோபிராக்டர் அதைக் கேட்கிறாரா என்று பாருங்கோ. கேட்காமல் கழுத்தில் கை வைக்க வந்தால் எழும்பி வாங்கோ" என்று மகனிடம் சொன்னேன். விபத்துக் காயத்தில் ஒருவர் பயிற்சி பெற்றவரா என்பதை அறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. படம் எடுத்தார்கள். முறிவு இல்லை, கழுத்தெலும்புத் தேய்மானத்தால் நரம்பு நெருக்கப்பட்டிருந்தது. இப்போது இயன்மருத்துவரிடம் பயிற்சி செய்கிறார்.

மகன் அந்தப் பதிவேட்டை அன்றிரவே தேடிப் பார்த்தார். சல்லியில் இருக்கும் அவருடைய தமக்கைக்கு அப்படித் தேட ஏதாவது உண்டா? பெயரளவில் உண்டு. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்த, யூனானி, தேசிய வைத்திய முறைகளையும் தன்னுள் அடக்கியது. அதன்கீழ் அமைந்த வைத்திய சபை, பரம்பரை முறிவு வைத்தியர்களையும் பதிவு செய்கிறது. ஆனால் கட்டுப் போட வந்தவரிடம் "உங்கள் பதிவு இலக்கம் என்ன?" என்று கேட்ட ஒரு குடும்பத்தை நான் கண்டதில்லை. போரின்போது இடம்பெயர்ந்த குடும்பங்களோடு ஏடுகளும் அழிந்தன. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். தகப்பனிடம் முழுதாகப் பழகாதவர்களும் தகப்பனின் பெயரால் கட்டுகிறார்கள். இந்த அறுபட்ட பயிற்சிதான் பாரம்பரியத்தைவிட ஆபத்தானது.

எவன் தோமஸ் தம் பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய எடின்பரோ அவருக்கு வெகுதூரம். சல்லிக்கு அப்படியில்லை. அதே நிலாவெளி வீதியில், கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. 2008 முதல் அங்கே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் இது 1984இலேயே தொடங்கியது. சுற்றியுள்ள ஊர்களில் எஞ்சியிருக்கும் முதிய பரியாரிகளை அந்த வளாகம் அழைக்கட்டும். அவர்களுடைய விரல் அறிவை மாணவர்கள் படம் பிடித்தும் குறித்தும் கற்கட்டும். பதிலுக்கு, கட்டுப் போட்டபின் விரலைப் பார்க்கவும், எந்த முறிவைத் தொடாமல் அனுப்ப வேண்டும் என்று அறியவும் அவர்களுக்குக் கற்பிக்கட்டும். எலும்பு வெளியே தெரிந்தால், மூட்டுக்குள் முறிந்தால், குழந்தையின் முழங்கை என்றால், முதுகோ கழுத்தோ என்றால், விரல் குளிர்ந்தால் கட்டக் கூடாது, அனுப்ப வேண்டும். இதைக் கற்பிக்க நான்காண்டு தேவையில்லை. ஆஸ்பத்திரி எலும்பு முறிவுப் பிரிவும் ஒரு படி இறங்கி வர வேண்டும். பரியாரியிடம் போய்வந்த நோயாளியை ஏசி அனுப்பினால், அடுத்தவர் கை கறுக்கும்வரை மறைத்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பார். அந்தப் பையனின் தாய் விடியும்வரை காத்திருந்ததற்கு அந்த ஏச்சின் அச்சமும் ஒரு காரணம் என்று அவரே சொன்னார்.

அதுவரை ஊரில் இருப்பவர்களுக்குச் செய்யக்கூடியது இவ்வளவுதான். பரியாரியிடம் போகத்தான் வேண்டும் என்றாலும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போங்கள். அதைப் பார்க்க மாட்டேன் என்பவரிடம் கை நீட்டாதீர்கள். கட்டிய முதல் இரவு யாராவது ஒருவர் விழித்திருந்து மணிக்கொரு தடவை விரல்களைப் பாருங்கள். விரலை மெல்ல நிமிர்த்தும்போது தாங்க முடியாத நோவு வந்தால், விடியக் காத்திராமல், கட்டைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு வண்டி பிடியுங்கள். ஏழு முதல் பத்து நாளுக்குள் இன்னொரு படம் எடுங்கள். எலும்பு விலகியிருந்தால் திருத்துவதற்கு அப்போது இன்னும் நேரம் இருக்கும்.